தூங்கெலிப் பல்லின் உடைந்த மூலை

எலிப் பல்லை யானைப் பல் அளவுக்குச் செய்துகொடுப்பதுதான் நம் பிழைப்பு. இந்தப் பிழைப்பை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆரம்பித்தவன் நான். எனக்கு முன்னால் அங்கே யாரும் இதைச் செய்ததில்லை. சந்தேகம் இருந்தால், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, தாராளமாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு ஆறாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தேனா என்று கேட்காதீர்கள். ஒரு டூல் ரூமில் தரை கூட்டவும் மெஷினுக்கு எண்ணெய் விடவும் சேர்ந்தவன், அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அச்சு வெட்டக் கற்றுக்கொண்டேன், கடைசியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். கல்லூரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சிப்பி, எலும்பு, பல் என்று பெரிதாக்கிச் செய்து கொடுத்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் என் ஷெட்டுக்கு வந்து, துருப்பிடித்த ஸ்டூலில் உட்கார்ந்து, “ஐயா, இது முடியுமா?” என்று கேட்டார்கள். முடியாது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். செய்தவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்?

இப்போது கம்பெனியை நடத்துகிறவர்கள், “உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, புதுப் பசங்க படிக்கட்டும்” என்று கேட்டார்கள். ஜெயித்த கதைகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படிக் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் உட்கார்ந்ததும் டில்லிபாபுதான் வந்து எதிரே நிற்கிறான். சரி, அவனையே எழுதிவிடுகிறேன்.

டில்லிபாபுவை உங்களில் யாரும் பார்த்திருக்க முடியாது. அம்பத்தூருக்குப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு கார் பட்டறையில் டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவன். நாற்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, ஓயாத வாய். இடித்து நசுங்கிய கார் கதவில் பட்டி போட்டு, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்தான் என்றால், எங்கே இடித்தது என்று இடித்தவனுக்கே தெரியாது. அதுதான் அவன் தொழில். அதுதான் அவன் கர்வமும். வேலை கேட்டு வந்த அன்று என்னிடம், “நைனா, நான் அடச்ச எடத்த எவனும் கண்டுபுடிச்சது கெடயாது, தெரிஞ்சிக்கோ” என்றான். என்னைப் போலவே பேசுகிறானே என்று அப்போதே சேர்த்துக்கொண்டேன்.

அவன் வந்து கொஞ்ச காலத்தில்தான் தூங்கெலி வேலை வந்தது.

கொண்டுவந்தவர் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்; அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அதனால் என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். வடக்கே மலையடிவாரத்து மண்ணை மூட்டை மூட்டையாகச் சல்லடையில் கழுவி, அதில் மிஞ்சுவதை லென்ஸ் வைத்துப் பொறுக்கிப் பல் எடுப்பது அவர் வேலை. அப்படி எடுத்த ஒரு பல்லை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் காட்டினார். எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. தும்மினால் போச்சு.

“இது என்ன எலிம்மா?”

“எலி மாதிரி இருக்கும் அண்ணாச்சி, ஆனா எலி இல்ல. அணில் மாதிரி வாலு. குளிர் காலம் பூராத் தூங்கும். வெளிநாட்டுல இன்னைக்கும் இந்தக் கூட்டம் இருக்கு. இது அந்தக் கூட்டத்துல அழிஞ்சு போன ஒண்ணு.”

“மீதி உடம்பு?”

“உடம்பு எங்க கெடைக்கும்? பல்லுதான் மிஞ்சும். பல்லை வெச்சுத்தான் இது யாரு, யாருக்குச் சொந்தம்னு சொல்லணும்.”

அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் யார் வாயிலும் சரியாக வரவில்லை. தூங்கெலி என்று வைத்துவிட்டோம்.

பல்லின் ஸ்கேனைப் பெரிதாக்கித் திரையில் பார்த்தபோது எனக்கு உடனே பிடித்துப்போனது. சாட்சாத் அரம். மட்டமான தலை, அதில் குறுக்காக வரிசை வரிசையாக வரப்பு. பெரிய வரப்பு நாலு. அவற்றுக்கு நடுவே, வெளிப்பக்கமிருந்து கிளம்பிப் பாதி தூரம் வரும் அரை வரப்புகள். இன்னும் இடுக்கில் மயிரிழை போல ஒன்றிரண்டு. வரப்பு எத்தனை, எது நீளம், எது எதோடு போய்ச் சேர்கிறது, இதை வைத்துத்தான் இந்தக் கூட்டத்தைப் பேரினம் பேரினமாகப் பிரிக்கிறார்களாம். நிலத்துக்கு வரப்பை வைத்துத்தானே இது யாருடையது என்று சொல்கிறோம், அது போலத்தான் என்றேன். அந்த அம்மா சிரித்தார்.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. 3டி பிரிண்டரில் எடுத்த மாடலில் அடுக்கடுக்காகக் கோடு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தேய்த்து எடுப்பதுதான் எங்கள் முதல் வேலை. அந்த மயிரிழை வரப்புகளும் அதே திசையில் ஓடின. நான் பார்த்தேன். மெஷின் கோடு என்று முடிவு கட்டினேன். “எல்லாத்தையும் வழவழன்னு எடுத்துடு” என்று டில்லியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்த அம்மா வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இடுக்குல சின்ன வரப்பு இருந்துதுல்லா? அது எங்க?”

“அது மெஷின் கோடும்மா. எடுத்தாச்சு.”

“அது பல்லு அண்ணாச்சி!”

டில்லி உப்புத்தாளைக் கீழே வைத்தான். “நைனா சொல்லிக்கினே இருந்தாரும்மா, வழவழன்னு வரணும்னு. இப்ப பாரு, ஒரு எலிய இன்னொரு எலியா மாத்தி வுட்டாரு. ஆதார் கார்டு மட்டும்தான் பாக்கி.”

அந்த அம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர் ஒன்று சொன்னார். நம் மேற்கு மலையில் மிளகுக் கொடியில் ஏறித் திரியும் ஓர் எலி இருக்கிறதாம். அதன் பல்லிலும் இதே போலக் குறுக்கு வரப்பு. அதைப் பார்த்துவிட்டு, இதுவும் தூங்கெலிக் கூட்டம்தான் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு அது வேறு குடும்பம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். “பல்லு பொய் சொல்லாது அண்ணாச்சி. நாமதான் அதைப் பொய் சொல்ல வெச்சிருவோம்” என்றார்.

பல்லை மறுபடி பிரிண்ட் எடுத்தோம். அதிலிருந்து பட்டறையில் இரண்டு சட்டம். கேட்காமல் எதையும் எடுக்கக்கூடாது. உடைந்த இடத்தில் ஏதாவது சேர்த்தால் அதைச் சாம்பல் நிறத்தில்தான் விட வேண்டும். பல் நிறம் அடிக்கக்கூடாது. பார்க்கிறவனுக்கு எது கிடைத்தது, எது நம் ஊகம் என்று தெரிய வேண்டும். இன்றைக்கு உங்கள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்களே, அந்தச் சட்டம் அன்று வந்ததுதான்.

முதல் சட்டத்தை டில்லி உடனே ஏற்றுக்கொண்டான். இரண்டாவது அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கார் பட்டறையில் சாம்பல் நிறம் என்றால் பிரைமர். பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற பூச்சு. பிரைமர் தெரிய ஒரு வண்டி வெளியே போனால் அது வேலை முடியாத வண்டி என்று அர்த்தம்.

“பிரைமரோட வுட்டா எங்க மேஸ்திரி செருப்பாலயே அடிப்பாரு நைனா.”

“இங்க நான்தான் மேஸ்திரி. நான் அடிக்க மாட்டேன்.”

“நீ அடிக்க மாட்ட. பாக்கறவன் காறித் துப்புவான்.”

இனி அந்த மூலைக்கு வருகிறேன். கவனித்துப் படியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்த எள்ளளவுப் பல்லில் உள்பக்கம், நாக்குப் படுகிற பக்கம், ஒரு மூலை உடைந்திருந்தது. நீளமான அரை வரப்பு சரியாக அந்த மூலையை நோக்கித்தான் ஓடியது. அது உள்சுவரைப் போய்த் தொட்டிருந்தால் இந்த எலி ஏற்கெனவே பெயர் உள்ள பழைய பேரினத்தில் அடங்கிவிடும். தொடாமல் நின்றிருந்தால் இது தனிப் பேரினம். தனி என்பது அந்த அம்மாவின் கட்சி. மற்ற வரப்புகளின் அமைப்பை வைத்து அப்படித்தான் என்று அவர் நம்பினார். ஆனால் மூலை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. அந்தத் துறையில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பழைய பேரினம்தான் என்றார். அந்த அம்மா பல வருடம் மண் கழுவியது அந்த ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். நடுக்கூடத்தில் எங்கள் பல், ஒரு முக்காலி அளவுக்கு. திறந்துவைக்க வருகிறவர் அதே பெரியவர். அந்த அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: “மூலையை மட்டும் அப்படியே விட்டுருங்க அண்ணாச்சி. தொட்டே ஆகணும்னா சாம்பல். நானே மூலையை அடைச்சு வரப்பைச் சுவரோட சேத்து வெச்சேன்னா, நீயே ஒத்துக்கிட்டேல்லானு அவரு போயிட்டே இருப்பாரு.”

முதல் நாளே டில்லி போய் மாடலை நிறுத்திவிட்டான். மறுநாள் காலையில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகப்பேர் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

கூடத்தில் நுழைந்ததும் பல்லைப் பார்த்தேன். முழுப் பல். மூலை வளைந்து அழகாக முடிந்திருந்தது. அரை வரப்பு சுவரில் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கே பழசு முடிகிறது, எங்கே பட்டி தொடங்குகிறது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்த என் கண்ணுக்கு. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பட்டி போட்ட வேலையில் அதற்கு மேல் ஒன்று நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் அந்த அம்மா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“இன்னாடா இது?”

“எப்டி கீது நைனா? எங்க ஒட்னேன்னு கண்டுபுடி பாக்கலாம்.”

“யார்ரா அடைக்கச் சொன்னது?”

“கூடத்தப் பாத்துக்கற சாரு. வண்டில எடுத்துக்கினு வரும்போது ஒடச்சிட்டியான்னு எல்லார் முன்னாடியும் கேக்குறாரு. மானம் போச்சு எனக்கு.”

“அந்தம்மா இன்னா சொல்லிச்சு? தொட்டா சாம்பல்தான்னு சொல்லிச்சா இல்லியா?”

“சொல்லிச்சு. பெரிய மனுசங்க வர்ற எடத்துல பிரைமரோட நிக்க வெக்கச் சொல்றியா? வெளாட்றியா நைனா?”

அதற்குள் வாசலில் சத்தம். பெரியவர் வந்துவிட்டார். அவரை வரவேற்றுக் கூட்டி வந்த அந்த அம்மா, கூடத்துக்குள் கால் வைத்ததும் பல்லைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது. கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார். பெரியவர் யாருக்கோ வணக்கம் சொல்ல நின்றார். எனக்குக் கிடைத்தது அந்த நேரம்தான்.

டில்லியின் பெட்டி திறந்திருந்தது. குறடை எடுத்தேன். மூலையைப் பிடித்து ஒரே திருகு. பட்டென்று உடைந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. மாவு மாவாகத் தரையில் கொட்டியது.

அதோடு விட்டேனா? இல்லை. என் பட்டறை, என் பேர், என் வெள்ளைச் சட்டை. எல்லார் காதிலும் விழ வேண்டும், தப்பு என்னுடையது இல்லை என்று. அந்தக் குரலில் சொன்னேன்: “பொத்தல் அடைக்கறதுதான் உனக்கு ஆசைன்னா பல் டாக்டர் கிட்ட போய் அடை. என் பட்டறையில இந்த வேலை வேணாம்.”

டில்லியின் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். தூணோரம் அவன் வீட்டுக்காரம்மா நின்றார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. பக்கத்தில் மகள், கையில் செல்போன், அப்பா செய்த பல்லைப் படம் எடுக்கப் பிடித்த வாக்கில் அப்படியே.

அவன் உட்கார்ந்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கையில் சேர்த்தான். எழுந்து எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னான்.

“ஒடைக்காம சாம்பல் அடிச்சிருந்தா போதாதா நைனா?”

பக்கவாட்டுக் கதவு வழியாக மூன்று பேரும் போய்விட்டார்கள்.

பெரியவர் வந்தார். பல்லைச் சுற்றி வந்தார். உடைந்த மூலைக்கு நேராகக் குனிந்து, “இது இல்லையா?” என்று கேட்டார். “இல்ல சார். அதனாலதான் இன்னும் முடிவு சொல்லல” என்றார் அந்த அம்மா. பெரியவர் தலையாட்டினார். “தெரியாததைத் தெரியாதுன்னு வெச்சிருக்கீங்க. சரி, இன்னொரு பல்லு கிடைக்கட்டும், பேசலாம்” என்றார். அந்த அம்மா பிழைத்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் போயிருப்பேன்” என்றார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்த வழியே பஸ் பிடித்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் செய்தது சரி என்றேதான் இருந்தேன்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றினேன். மேல் பையில் ஏதோ தட்டியது. சின்னப் புட்டியில் சாம்பல் பெயிண்ட், பக்கத்தில் கட்டைத் தூரிகை. திறப்பு விழா என்றால் மாடலில் கீறல் விழுந்திருக்கும் என்று எப்போதும் எடுத்துப் போவேன். பல் நிறம் ஒன்று, சாம்பல் ஒன்று. அன்று முழுக்க அது என் நெஞ்சு மேலேயே இருந்தது. நாலு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்தது. ஊகம் ஊகமாகத் தெரிந்திருக்கும், சட்டப்படியும் சரி. பெரியவர் பார்த்திருப்பார், “இது ஊகமா சேத்தது சார்” என்று அந்த அம்மா சொல்லியிருப்பார். டில்லி முகம் சுளித்துக்கொண்டு நின்றிருப்பான், பிரைமரோடு நிற்கிறதே என்று. திங்கட்கிழமை காலையில் அதற்காக என்னைத் திட்டியிருப்பான். வேலைக்கும் வந்திருப்பான்.

இந்த இடத்தில் என்னுடைய பழைய ஃபோர்மேன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். டூல் ரூமில் எனக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு நாள் அச்சு ஒன்றில் மரை வெட்டும்போது அதற்கான எஃகுக் கருவியை, டேப் என்பார்கள், துளைக்குள்ளேயே ஒடித்துவிட்டேன். அதே சமயம் அச்சுக்குச் சொந்தக்காரர்கள் அதைப் பார்க்க ஆள் சேர்த்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். ஃபோர்மேன் வந்தார், பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அச்சின் மேல் விரித்துப் போட்டார். “வாங்க, முதல்ல டீ சாப்பிடலாம். இது இன்னைக்கு ரெடி இல்ல” என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தயாரில்லை என்றுதான் சொன்னார், பொய் இல்லை. யார் ஒடித்தது என்ற பேச்சே அங்கே வரவில்லை. எல்லாரும் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். அது வேறு.

அவரிடமிருந்து அரத்தைக் கற்றுக்கொண்டேன். கைக்குட்டையைக் கற்றுக்கொள்ளவில்லை. நான் தானாக முன்னுக்கு வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததில், முன்னுக்கு வரும்போது என்னை யார் யார் மூடிக் காப்பாற்றினார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

டில்லி திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. கோபம் தணிந்தால் வருவான் என்று நானும் போன் பண்ணவில்லை. முதலாளி நான், நான் ஏன் பண்ண வேண்டும்? பிறகு கார் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார்: “ஒங்க டில்லி பூந்தமல்லில பல்லு கேப் செய்யற லேப்ல சேந்துட்டாம்பா. டாக்டருங்கல்லாம் அவன்தான் வேணும்னு கேக்கறாங்களாம்.”

நான் கோபத்தில் எதைச் சொன்னேனோ, அதையே அவன் அப்படியே போய்ச் செய்துவிட்டான்.

கொஞ்ச காலம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. “அண்ணாச்சி! இன்னொரு பல்லு கெடச்சிட்டு! சின்ன வயசு எலி, தேயவே இல்ல, மூலை முழுசா இருக்கு. வரப்பு சுவரைத் தொடல அண்ணாச்சி! நடுவுலேயே நின்னுட்டு!” தனிப் பேரினம்தான். பெரியவரும் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டாராம். டில்லி அன்று போட்ட மூலை தப்பு. நான் உடைத்தது சரி.

ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. பார்த்தியாடா, நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். லேப் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்குக்குக் கீழே டில்லி உட்கார்ந்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான், முன்பு கிடையாது. விரல் நுனியில் ஒரு பல்லை வைத்து, தூரிகையால் நிறம் தொட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னான், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பட்டறையில் கேட்ட அதே சிரிப்பு.

அங்கே போய், தூங்கெலியின் அரை வரப்பு சுவரைத் தொடவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? நான் சொன்னதுதான் சரி என்பதை வைத்துக்கொண்டு அந்தப் படியில் நின்றேன். அது எதற்கும் உதவவில்லை. இறங்கி வந்துவிட்டேன். மைசூர்பாகைப் பற்றி வீட்டில் கேட்டதற்கு, அந்த அம்மாவுக்குப் பேரினம் கிடைத்துவிட்டது, அதற்காக வாங்கினேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தப்பான வேலை வெளியே போகக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் கூட்டம் வாசலில் நிற்கும்போது நம் கை முதலில் குறடைத்தான் தேடும். குறடுதான் நம்மைப் பெரிய ஆளாகக் காட்டும். அதை எடுப்பதற்கு முன்னால் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். தப்பைச் சரிசெய்ய வேண்டுமா, தப்பு என்னுடையது இல்லை என்று காட்ட வேண்டுமா, இரண்டில் எதற்காக நம் கை நீள்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். நான் உடைத்ததில் பாதி அந்த அம்மாவுக்காக. மீதி எனக்காக. டில்லியைத் துரத்தியது அந்த மீதிதான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன மழைக்காலத்தில் வறுத்த பட்டாணியைக் கடித்து என் கடைவாய்ப் பல் உடைந்தது. உள்பக்க மூலை. கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பல் மருத்துவமனை இருக்கிறது. சின்ன வயதுப் பெண் டாக்டர். அச்சு எடுத்தார், கேப் செய்ய அனுப்பினார். எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். பூந்தமல்லி என்றார்.

அடுத்த முறை போனபோது கேப் வந்திருந்தது. டாக்டர் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க சார். பக்கத்துப் பல்லுல இருக்கற தேய்மானம், கறை எல்லாமே அப்படியே வந்திருக்கு. வாயில வெச்சா எது கேப்னு எனக்கே தெரியாது. ஆமா, உங்க பேரைப் பார்த்துட்டு லேப்ல ஒருத்தர் போன் பண்ணினார். அம்பத்தூர்ல பட்டறை வெச்சிருந்தவரான்னு கேட்டார். ஆமான்னேன். வேற ஒண்ணும் பேசல.”

நான் கேப்பைக் கையில் வாங்கினேன். அடைத்த இடம் எது என்று தேடினேன், பழக்கம் விடவில்லை.

“ஒரே ஒரு குறை சார்” என்றார் டாக்டர். “உள்பக்க மூலையில, நாக்கு படற எடத்துல, கொஞ்சம் பூச்சு விட்டுப்போச்சு. சாம்பலா தெரியுது பாருங்க. வெளிய தெரியாது. ஆனா அவங்க இப்படி விடவே மாட்டாங்க. திருப்பி அனுப்பிச் சரி பண்ணிடட்டுமா?”

மூலையில் கடுகளவு சாம்பல். விளிம்பு வெட்டினாற்போல நேராக இருந்தது. கை தவறி விட்டுப்போன விளிம்பு அப்படி இருக்காது.

“வேண்டாம்மா. அப்படியே போடுங்க” என்றேன்.

அது எனக்கு விட்ட அறையா, அல்லது வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால் சொல்லிவிடுவான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு. பூந்தமல்லி பஸ் எங்கள் தெரு முனையிலேயே நிற்கிறது. அதைக் கேட்க நான் இன்னும் ஏறவில்லை. நாக்கு மட்டும், சாப்பிடும்போதும் பேசும்போதும், அந்த மூலைக்குப் போய்விட்டுப் போய்விட்டு வருகிறது.